தொண்ணூற்றிரண்டு சதவீதப் பொருத்தம்

கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதற்குள் வரிசை தையற்கடையைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, தெருமுனை திரும்பிவிட்டது. ஆளுக்கொரு பழைய கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றோம். ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வெறுங்கையோடு நடுவில் புகுந்தவர்களும் உண்டு. விஷயம் தெரிந்த பிறகும் அவர்கள் போகவில்லை. இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால் ஏதாவது இருக்கும் அல்லவா?

வாசலில் ஆளுயரப் பலகை. 'உங்களுக்கும் கணினிக்கும் பொருத்தம் உண்டா? வாங்குமுன் பாருங்கள்! நூறு சதவீதம் விஞ்ஞானம்.' கீழே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரின் சிரித்த முகம். பெயர் கிடையாது. 'அலையறிஞர்' என்று பட்டம் மட்டும். மனித உடம்பிலிருந்து ஓர் அலை கிளம்புகிறதாம். கணினியிலிருந்தும் ஓர் அலை கிளம்புகிறதாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இயந்திரம் அடிக்கடி நின்றுபோகுமாம், தலை வலிக்குமாம், வேலைகூடப் போகுமாம். வேலை போன ஒருவர் எனக்கு முன்னால்தான் நின்றார். முதலாளியை இத்தனை நாள் அநியாயமாகத் திட்டிவிட்டேனே என்று வருத்தப்பட்டார்.

அந்த வரிசையில் முப்பத்தேழாவதாக நின்றவர் ஒரு பெரிய பகுத்தறிவாளர். வாரப் பத்திரிகையில் ஒன்பது வருடமாக 'ஏமாறாதே!' என்ற பகுதியை எழுதுகிறவர். கைரேகைக்காரர்களை ஓட ஓட விரட்டியவர். சாட்சாத் நானேதான்.

எல்லாம் ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக் கணினிக்குப் பதினோரு வயது. அதைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் தயாராக இருக்கும். போன வாரம் அதில் ஏதோ புது மென்பொருளை ஏற்றப் போனேன். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: 'பொருத்தம் இல்லை.' சத்தமாகப் படித்தேன்.

"யாருக்கும் யாருக்கும்?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"கம்ப்யூட்டர் சொல்லுது."

"பதினாறு வருஷமா நான் சொல்லாம வெச்சிருந்தத அது போட்டு ஒடச்சிடுச்சா? பரவாயில்ல, வெவரமான மெஷின்தான்."

என் மனைவி கட்டட வரைபடம் போடுகிறவள். வேலை வீட்டிலிருந்தே. பதினோரு வருடத்தில் அவள் வரைந்த ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு படிக்கட்டும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. "புதுசு ஒண்ணு பாருங்க. என் படமெல்லாம் அதுல தெறக்கணும். வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. அதையும் தெருமுனை திரும்புவதற்குள் மறந்தேன்.

கணினி உலகத்தில் இரண்டு கட்சி. வட்டம், சதுரம். இயந்திரத்தின் முதுகிலுள்ள முத்திரையை வைத்து வந்த பெயர்கள். என் மைத்துனன் வட்டக் கட்சி. சாப்பிடுவதற்கு முன் கை கழுவ மாட்டான், தன் வட்டத்தைத் தொடுவதற்கு முன் கழுவுவான். "மாமா, சதுரம் வெச்சிருக்கவன் பாதி ஆயுசு அப்டேட்டுக்குக் காத்துக்கிட்டே போயிடும்" என்றான். பத்திரிகை மேலாளர் சதுரக் கட்சி. "வட்டமா? அது வேலை செய்யறவங்களுக்கு இல்ல சார், வேலை செய்யற மாதிரி போட்டோ எடுத்துக்கறவங்களுக்கு" என்றார். இரண்டு பேரும் மற்றவருடைய இயந்திரத்தை விரலால்கூடத் தொட்டதில்லை.

நான் ஒப்பீட்டுக் கட்டுரைகளாகப் படித்துத் தள்ளினேன். அட்டவணை போட்டேன். அட்டவணை நீளமாகிவிட்டதால் அதற்கு ஒரு சுருக்கம் போட்டேன். சுருக்கம் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அலையறிஞரின் துண்டுப் பிரசுரம் கதவிடுக்கில் வந்து விழுந்தது. அதில் ஜாதகக் கட்டம் இருந்திருந்தால் கசக்கி எறிந்திருப்பேன். வளைகோட்டு வரைபடம் இருந்தது, பழைய கணினியோடு வரச் சொல்லியிருந்தது. வாயைப் பிளந்துவிட்டேன்.

என் முறை வந்தது. தரை வரை துணி தொங்கும் மேஜை. மேலே ஒரு செம்புத் தட்டு, இரண்டு விளக்கு. பச்சை எரிந்தால் வட்டம், நீலம் எரிந்தால் சதுரம். எனக்கு முன்னால் முப்பத்தாறு பேருக்கும் பச்சைதான் எரிந்தது. சுவரோரம் வட்டப் பெட்டிகள் கூரை வரை தூசியோடு அடுக்கியிருந்தன. இத்தனை பேருக்கும் வட்டம்தான் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து வாங்கி வைத்திருக்கிறாரே, என்ன தீர்க்கதரிசனம் என்று வியந்தேன்.

"கைய வைங்க சார். மனச லேசா விடுங்க" என்றார் அலையறிஞர்.

பச்சை. பக்கத்திலிருந்த குட்டித் திரையில் தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

"அடேயப்பா! நீங்க ஆழமா சிந்திக்கிறவரு. உங்கள யாரும் லேசுல ஏமாத்த முடியாது."

எவ்வளவு கச்சிதமாகச் சொல்லிவிட்டார்! எனக்குக் கண் கலங்கியது. பழைய பெட்டியில் என் பழைய அலைகள் தங்கியிருக்குமாம். அது வீட்டில் இருந்தால் புதியதையும் கெடுக்குமாம். அதனால் அதைக் கடையிலேயே விட்டுவிட வேண்டும். பின்பக்க மேஜையில் 'நினைவுக் கழுவல்' செய்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, அவர்களே அப்புறப்படுத்திவிடுவார்கள். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். புது வட்டத்தை மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து மார்தட்டினேன்.

"பழைய பெட்டி எங்க?" என்றாள் மனைவி.

"கழுவக் கொடுத்திருக்கேன்."

"அதென்ன பாத்திரமா? என் படமெல்லாம் அதுலதானே இருக்கு!"

அவள் செருப்பு மாட்டியதைத்தான் பார்த்தேன், அடுத்த நிமிடம் அவள் தெருவில் இருந்தாள். பின்னாலேயே ஓடினேன். அந்த ஓட்டத்திலும், "அவரு விஞ்ஞானி, கொஞ்சம் மரியாதையா பேசு" என்று சொல்லிக்கொண்டுதான் ஓடினேன்.

பின்பக்க மேஜையில் ஓர் ஊழியர் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டிக்கு முன் இன்னும் மூன்று பெட்டிகள்தான் பாக்கி.

"அத எடுத்துக் கொடுங்க" என்றாள் மனைவி.

"உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. அறிஞர் சொன்னாத்தான் திருப்பித் தருவோம்."

நேராக அலையறிஞரின் மேஜை முன் போய் நின்றாள். "ஐயா, பொருத்தத்த அளக்கறது நீங்களா, மெஷினா?"

"மெஷின்தாம்மா. நான் வெறும் உதவியாளன்."

"அப்ப உங்க கண்ணு தேவையில்ல. கண்ணக் கட்டிக்கிட்டு ஒரு தடவ காட்டுங்க. சரியா வந்துச்சுன்னா அந்தப் பெட்டிய நீங்களே வெச்சுக்குங்க. இல்லன்னா எனக்குத் திருப்பிக் கொடுங்க."

அவர் தயங்கினார். கூட்டம் விடவில்லை. "கட்டுங்க சார்! அந்தம்மா மூக்கு ஒடையட்டும்!" என்று ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. அது என் குரல். என் கைக்குட்டையாலேயே அவர் கண்ணைக் கட்டிவிட்டேன்.

மனைவி உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தை அமைதியாக்கினாள். வாசலுக்குப் போனாள். அங்கே கிடந்த கால்மிதியைத் தூக்கி வந்து செம்புத் தட்டின் மேல் வைத்தாள்.

"வெச்சாச்சு. பாத்துச் சொல்லுங்க."

பச்சை எரிந்தது. தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

"அடேயப்பா!" என்றார் அலையறிஞர், முகமெல்லாம் மலர. "இவரு ஆழமா சிந்திக்கிறவரு. இவர யாரும் லேசுல ஏமாத்த முடியாது."

கூட்டம் கால்மிதியைப் பார்த்தது. பிறகு, ஒரு மணி நேரத்துக்கு முன் இதே பாராட்டை வாங்கிய என்னைப் பார்த்தது. முதலில் சிரித்தவர் வேலை போனவர்.

அலையறிஞர் கட்டை அவிழ்த்தார். பார்த்தார். ஆனால் மனிதர் அசரவில்லை. "எத்தன பேரு மிதிச்சிருப்பாங்க! அவங்க அலையெல்லாம் இதுல ஒட்டியிருக்கும். மெஷின் அதையும் புடிச்சிடுச்சு பாத்தீங்களா!"

பாதிக் கூட்டம் 'அட, ஆமாம்ல' என்று தலையாட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் தலையும் ஆடத் தொடங்கியது. மனைவி திரும்பிப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"சரிங்க, அப்படியே இருக்கட்டும். ரெண்டு காலையும் நாற்காலி மேல தூக்கி வெச்சுக்கிட்டு இன்னொரு தடவ காட்டுங்க" என்றாள் அவள்.

அவர் காலைத் தூக்கவில்லை. வேலை போனவர் குனிந்து மேஜைத் துணியை விலக்கினார். வெள்ளைக் கோட்டின் கீழே பளபளவென்று ஒரு பூட்ஸ். பூட்ஸின் கீழே தையல் மிஷினில் இருப்பதுபோல ஒரு மிதி. மிதியிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பி. நீல விளக்குக்குக் கம்பியே இல்லை.

அதன்பிறகு அங்கே எழுந்த அலை உண்மையானது. அலையறிஞர் பின்வாசல் வழியாகப் போனார். ஊழியர் யாரும் கேட்காமலே பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். எங்கள் பெட்டிக்கு முன் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. பதினோரு வருட உழைப்பு என் ஒரு கையெழுத்தில் போக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மனைவி பெட்டியை என் கையில் கொடுத்தாள். தன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள். வாடிக்கையாளருக்குக் கொடுக்க வைத்திருந்த ஒரு வரைபடம் அதில் இருந்தது. கடையில் பார்வைக்கு வைத்திருந்த வட்டத்தில் செருகினாள். திரையில் வந்தது: 'பொருத்தம் இல்லை.' சதுரத்தில் செருகினாள். படிக்கட்டும் சுவரும் அப்படியே விரிந்தன. மொத்தம் நான்கு நிமிடம்.

"இதாங்க பொருத்தம் பாக்கறது" என்றாள். "என் வேலைக்கு இது. என் தம்பி வேலைக்கு அது சரியா இருக்கலாம். இதுக்கு எதுக்கு அலை?"

இந்த வாரம் 'ஏமாறாதே!' பகுதியை அவளை எழுதச் சொன்னேன். தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டாள். அதனால் நானே எழுதுகிறேன். அலையறிஞர் இப்போது வேறு ஒரு தெருவில் காலுக்கும் செருப்புக்கும் பொருத்தம் பார்க்கிறாராம். வரிசை முனை திரும்புகிறதாம். கையைத் தட்டில் வைக்கச் சொன்னால் வையுங்கள், பாதகமில்லை. மூளையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். எங்கள் வீட்டில் இன்னொரு மூளை இருந்ததால் தப்பித்தேன். உங்கள் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது.