அளவெடுத்த அலை

படத்தின் நடுவில் மறுபடியும் இருட்டு. தாரகன் திரையை முறைத்தான்.

எம்.ஆர்.ஐ. காந்தம் இத்தனை பெரிதாகிவிட்டால், உள்ளே அனுப்பும் வானொலி அலை ஒவ்வொரு மண்டைக்குள்ளும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொள்ளும். சட்டைக்கு அளவெடுப்பதுபோல ஆளுக்கு ஆள் அலை தைக்க வேண்டும். திங்கட்கிழமை உதவியாளர் மாக்கிரட் பரிசோதனைக்கு முன்வந்த தொண்டர் ஒருவரின் தலையை அளந்து, பெயரில்லாமல் இலக்கம் மட்டும் போட்டு அனுப்பியிருந்தாள். தாரகன் அலையைத் தைத்தான். மறுபடி அளக்காமலே கச்சிதமாகப் பொருந்துமென்று பேராசிரியரிடம் வாய் விட்டவனும் அவனே. பொருந்தாவிட்டால் ஆராய்ச்சி கோவிந்தா.

இன்று வந்தவரைப் படுக்க வைக்குமுன் பெயரும் பிறந்த திகதியும் கேட்பது விதி. தகப்பன் வயதுக்காரரிடம் முகத்துக்கு நேரே பெயர் கேட்க எந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வாய் வரும்? "உடம்பிலை இரும்பு கிரும்பு இருக்கோ அங்கிள்?" என்பதோடு மரியாதையாக நிறுத்திக்கொண்டான்.

"இன்னொருக்கால் எடுப்பம் அங்கிள். களைப்போ?"

"இல்லைத் தம்பி. ஆறுதலாச் செய்யுங்கோ. எனக்கு ஒரு அவசரமுமில்லை."

அலையின் வலுவைக் கூட்டினான். தலை சூடாகிவிடுமென்று பயந்து இயந்திரம் நின்றுவிட்டது. காதோரம் மெத்தை செருகினான். இருட்டு பிடரிக்குக் குடிபோனது. கணக்கையே மாற்றி எழுதினான். பாதி மூளையைக் காணவில்லை.

"நல்லா வருதோ தம்பி?"

"வருது, வருது."

"வராட்டிலும் பறவாயில்லை. திரும்ப எடுங்கோ."

அந்தப் பொறுமையைக் கேட்டுத் தாரகனுக்கு அழுகை வந்தது. வன்னியில் சண்டை முடிந்த கிழமை அது. இங்கே டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்த அவன் வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அவன் விடிந்ததும் விடியாததுமாக இங்கே ஓடி வந்திருந்தான். இந்த மனிதரால் மட்டும் எப்படி இவ்வளவு நிம்மதியாகக் கிடக்க முடிகிறது?

பேராசிரியர் வந்து திரையைப் பார்த்தார்.

"இது மூளையா?" என்று டெனிஷில் கேட்டார்.

தாரகன் வெளியே ஓடினான். காத்திருக்கும் அறையில் அந்த மனிதரின் மனைவி யோகமலர், மடியில் இரண்டு போன்களோடு இருந்தார்.

"அன்ரி, அங்கிளுக்குத் தலையிலை ஏதும் வருத்தமோ? திங்கக்கிழமை எடுத்த அளவு இண்டைக்குப் பொருந்துதில்லை."

"திங்கக்கிழமை வந்தது இவரின்ரை தமையன், தம்பி. வன்னியிலை நிண்ட தங்கச்சியைப் பற்றி இண்டைக்கு ஆரோ போன் எடுத்துச் சொல்லப் போகினமாம்; போன் கொண்டுபோகேலாத இடம் இது ஒண்டுதானெண்டு, தமையனிட்டைக் காலிலை விழாக் குறையாக் கேட்டு இவர் மாறி வந்திட்டார்."