இராமலட்சுமி பிடித்த ரூட்டு

எங்கள் வீட்டில் என் பேச்சு செல்லுபடியாகும் இடம் ஒன்றே ஒன்றுதான். கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர். உயிரே போனாலும் அந்த அதிகாரத்தை மட்டும் விட்டுத்தருவதில்லை என்று சபதம் செய்திருந்தேன். ஒரே ஒரு போன் வந்தது. போச்சு.

ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கு லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தைச் சொல்லித்தருவது என் தொழில். பெரியபட்டினம் குல்சும் டீச்சர் சந்தேகம் கேட்டு வீட்டுக்கே போன் செய்தார். லினக்ஸில் சகல அதிகாரமும் உள்ள கணக்குக்கு ‘ரூட்’ என்று பெயர். அதில் கை தவறினால் கம்ப்யூட்டரே காலி. ஆகவே கண்டிப்பாகச் சொன்னேன்.

“டீச்சர், எந்நேரமும் ரூட்டுலயே இருக்காதீக. ஆபத்து. போனமா, காரியத்த முடிச்சமா, வெளிய வந்தமான்னு இருக்கணும். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக் கூடாது.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், என் மனைவி இராமலட்சுமி கரண்டியோடு நிற்கிறாள்.

“எந்த ரூட்டு?”

“லினக்ஸ் ரூட்டு.”

“ஏர்வாடி ரூட்டு தெரியும், ராமேஸ்வரம் ரூட்டு தெரியும். இதுல எந்த பஸ் போகுது? இந்த வயசுல டீச்சருக்கு ரூட்டு விடுறீகளோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயோ, ரூட்டுன்னா வேரு.”

“வேர் விடுற அளவுக்குப் போயிருச்சா?”

மானத்தைக் காப்பாற்ற ஒரே வழி, முழுப் பாடத்தையும் அவளுக்கே நடத்திவிடுவது. நாற்காலியை இழுத்துப் போட்டு நடத்தினேன். அவளுக்கென்று ஒரு கணக்கு திறந்தேன். நம்பிக்கை வரட்டும் என்று ‘சூடோ’ அனுமதியும் கொடுத்துத் தொலைத்தேன்.

“அதென்ன சூடோ?”

“நேரா ரூட்டா உக்காராம, தேவைப்படுறப்ப மட்டும் அந்த அதிகாரத்த எடுத்துக்கிறது.”

“சுடுறதுன்னு சொல்லுங்க. ஒருத்தருக்கு எம்புட்டு அதிகாரம் குடுக்கணும்?”

“அவுக வேலைக்குத் தேவையான அளவு. அதான் பாதுகாப்பு.”

“நீங்க எதுல உக்காந்திருக்கீக?”

“நான் வாத்தியாரு. எப்பவும் ரூட்டுதான்.”

“ஓ, உபதேசம் ஊருக்குத்தானா” என்றவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சந்தேகம் தீர்ந்தது என்று மகிழ்ந்து போனேன்.

மறுநாள் வகுப்பு முடிந்து வந்து உட்கார்ந்தால், ரூட் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. மறுபடி அடித்தேன். தப்பு.

“இராமலட்சுமி, ரூட்ட என்ன பண்ணுன?”

“நீங்க குடுத்த சூடோவ வச்சு பாஸ்வேர்ட மாத்திட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுல்ல? உங்களுக்குத் தனிக் கணக்கு போட்டிருக்கேன். உங்க பேரத்தான் வச்சிருக்கேன், தங்கசாமின்னு அடிங்க, தெறக்கும்.”

“நான் வாத்தியாருடி.”

“அது வகுப்புல. வீட்டுக்கு வந்தா நீங்க இதுல சீட்டுதான ஆடுறீக? அந்த வேலைக்குத் தேவையான அளவு குடுத்திருக்கேன்.”

என் பாடம். என் வாக்கியம். எனக்கே திருப்பி ஒப்பிக்கிறாள்.

அவள் சந்தைக்குப் போகும்வரை காத்திருந்தேன். தலை மறைந்ததும் சூடோ போட்டு ரூட்டைச் சுடப் பார்த்தேன். திரையில் வந்ததைப் படித்து ஆடிப்போனேன். அனுமதி பெற்றவர்களில் என் பெயர் இல்லையாம். இந்தச் சம்பவம் புகார் செய்யப்படுமாம். புகார் ரூட்டுக்குத்தான் போகும். ரூட் இப்போது சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருக்கிறது.

திரும்பி வந்தவள் பையைக்கூட உள்ளே வைக்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

“புகாரு ஒண்ணு வந்திருக்கு. யாரு மேலன்னு நீங்களே சொல்லிட்டா தண்டன கொறையும்.”