வலியே இல்லாத பெரியசாமி

மனிதகுலம் வலியை வென்ற வரலாற்றை யாராவது எழுதினால், அதில் நாமக்கல்லுக்குத் தனி அத்தியாயம் உண்டு என்பது டாக்டர் அன்பரசுவின் கணிப்பு. அந்த அத்தியாயத்தின் நாயகர் பெரியசாமி, முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து, கட்டில் கம்பியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டிய கால். எச்சிலை எடுத்து மரபணுவைப் படித்தாயிற்று. கட்டிலோரம் ஒரு பெட்டி. வேளாவேளைக்குப் பெண்குரலில் விசாரிக்கும். மரபணுவையும் பதிலையும் கூட்டிப் பார்த்து, எவ்வளவு வலி மருந்து ஏற்றுவது என்று தானே முடிவு செய்யும்.

"வலி எப்படி இருக்கு?" என்றது பெட்டி.

"ஒன்னுமில்ல சாமி. நல்லாருக்கறேன்."

பெட்டி மருந்தைக் குறைத்தது.

"பொய் சொல்றாருங்க டாக்டர்," என்றாள் நர்ஸ் மஞ்சுளா. "கம்பிய வளைச்சுருவாரு போல."

"மெஷின் லட்சம் பேரைப் படிச்சிருக்கும்மா. அடிக்கடி கேட்கச் சொல்லுவோம். உண்மை வந்துரும்."

அடிக்கடி கேட்டது. பெரியசாமி அடிக்கடி நன்றாக இருந்தார். மருந்தும் அடிக்கடி குறைந்தது.

அன்பரசு பெட்டி செய்த கம்பெனிக்குச் சொல்லி, அதற்குக் குரல் கொடுத்த அதே பெண்ணை இன்னும் கனிவாகப் பேசவைத்துப் பதிந்தார்.

"அப்பா, வலிக்குதுங்களாப்பா?"

பெரியசாமிக்குக் கண் கலங்கியது. "துளிகூட இல்ல கண்ணு. நீ சாப்டியா?"

மருந்து ஏறக்குறைய நின்றே போனது.

வலியே அறியாத புதுவகை மரபணு என்று முடிவு கட்டி, அதை அறிவிக்க அன்பரசு சென்னைக்குப் போனார். திரும்பியதும் மஞ்சுளா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வலியில காலை ஊனவே மாட்டேங்கறாருங்க. இப்ப நடந்து பழகலீன்னா அப்பறம் நடக்கவே முடியாதுங்க."

அன்பரசு நேரே போய்ப் பெட்டியின் ஒயரில் கை வைத்தார். பெரியசாமி அதைவிட வேகமாகப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டுங்க டாக்டரே. காலு போனாப் போகுது."

ரசத் தூக்கோடு நின்றிருந்த பெரியசாமியின் மனைவி குஞ்சம்மாள் டாக்டரை வெளியே அழைத்துப் போனாள்.

"அதுல பேசறது எங்க மக சௌமியாங்க. அவளா கலியாணம் பண்ணிட்டுப் போனதுல இருந்து அவ பேரையே எடுக்கக் கூடாதுன்னவருங்க இவரு. பெத்த புள்ள கேட்டா, வலிக்குதுன்னு சொல்லுவாருங்களா?"

மரபணுவுக்காகச் சென்னையில் போர்த்திய பொன்னாடை இன்னும் டாக்டரின் தோளில்தான் இருந்தது.