மணி கழற்றிய நாள்

நிகரூர் என்ற நாட்டில் எருமைகளுக்குக் குறைவில்லை, சட்டங்களுக்கும் குறைவில்லை. கோட்டை வாசலில் ஒரு கல்வெட்டு இருந்தது: 'ஒரே தவறுக்கு ஒரே தண்டனை.' வெளியூர்க்காரர் யார் வந்தாலும் மக்கள் அதைப் பெருமையாகக் காட்டுவார்கள். அதிகாரிகளும் அன்றாடம் அந்த வாசல் வழியாகத்தான் போய்வந்தார்கள். அண்ணாந்து பார்க்கும் வழக்கம்தான் அவர்களுக்கு இல்லை.

ஒரு நாள் மத்தியானம், அரசாங்கக் கரும்புத் தோட்டத்து வேலியில் இருந்த ஓட்டை வழியாக இரண்டு எருமைகள் உள்ளே நுழைந்தன. ஒன்று குருவம்மாளுடையது. புருஷன் இல்லாதவள், அந்த எருமையின் பாலை விற்றுப் பிழைப்பவள். மற்றொன்று சட்ட மந்திரி நுண்மதியாரின் மச்சான் செங்கோடருடையது. காவலர்கள் போனபோது இரண்டும் ஒரே கரும்பை ஆளுக்கொரு முனையாக மென்றுகொண்டிருந்தன. செங்கோடரின் எருமையைக் குளிப்பாட்டி, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். குருவம்மாளின் எருமையைப் பட்டியில் அடைத்தார்கள்.

அது கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொழுவத்தில் கன்று கத்துவதைக் காதுகொடுத்துக் கேட்க முடியாமல் குருவம்மாள் மந்திரியிடம் ஓடினாள்.

"சாமி, ரெண்டும் ஒரே ஓட்டையிலதான பூந்துச்சு? ஒரே கரும்பைத்தான தின்னுச்சு? அத விட்டுட்டு இத மட்டும் ஏன் சாமி அடைச்சீங்க? கன்னு செத்துப்போயிரும்."

நுண்மதியார் கண்களை மூடித் திறந்தார். "அம்மா, தவறு ஒன்றாக இருந்தால்தானே தண்டனை ஒன்றாக இருக்கும்? அந்த எருமை தோட்டத்துக்கு வருகை தந்தது. உன் எருமை அத்துமீறி நுழைந்தது. இரண்டையும் ஒன்றுபோல நடத்தினால் கல்வெட்டுக்கு என்ன மரியாதை?"

"எது வருகை, எது அத்துமீறலுன்னு எப்படிச் சாமி தெரியும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்விகளை நிகரூரில் யோசித்துத்தான் கேட்க வேண்டும். மறுநாளே ஆணை வந்துவிட்டது. இனி அரண்மனை எருமைக்குத் தங்கமணி, அதிகாரிகள், அவர்களுடைய உறவினர்களின் எருமைகளுக்கு வெண்கலமணி, மற்ற எல்லாவற்றுக்கும் மரமணி. உலோகமணி கேட்டால் வருகை, மரமணி கேட்டால் அத்துமீறல். சட்டம் எல்லோருக்கும் பொது என்பதால், மணி கட்டாத எருமை எதுவானாலும் பட்டிக்குத்தான் போகும் என்று கடைசி வரி சொன்னது. அந்த வரிக்காக நுண்மதியாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மக்கள் பயந்துபோய் எருமைகளைத் தோட்டத்துப் பக்கமே விடவில்லை. பட்டி நிரம்பாததைக் கண்ட மந்திரி இரண்டாவது ஆணை போட்டார். மரமணி கட்டிய எருமை வேலியோரம் நடந்தாலே கரும்பு தின்னும் எண்ணம் உள்ளதாகக் கருதப்படும். குருவம்மாளின் கன்றுக்கு இரக்கப்பட்டுப் பால் கொடுத்துவந்த பக்கத்து வீட்டு எருமை அன்று சாயங்காலமே அந்த எண்ணத்தோடு பிடிபட்டது. கன்று கஞ்சித் தண்ணீருக்கு வந்தது. விலா எலும்பு தெரிந்தது. கத்துவதையும் நிறுத்திவிட்டது. அதுதான் குருவம்மாளை உலுக்கிவிட்டது.

அவள் கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டி வாசலுக்குப் போனாள். "எருமைய விட வேண்டாம் சாமி. இந்தக் கன்னையாச்சும் உள்ள விடுங்க."

"முடியாது," என்றார் நுண்மதியார். "பட்டி குற்றவாளிகளுக்கானது. கன்று எந்தக் குற்றமும் செய்யவில்லை. நிரபராதியை அடைக்க என் மனச்சாட்சி இடம் தராது." அதையே மூன்றாவது ஆணையாகவும் எழுதிவிட்டார். அந்த மனச்சாட்சியை எங்கே வைத்திருந்தாரோ, அதுவரை யாரும் பார்த்ததில்லை.

நிகரூரில் இரண்டு பழைய வழக்கங்கள் உண்டு. குடை பிடித்து அழைத்துவரும் அரண்மனை எருமைக்கு முன்னால் எல்லோரும் தலை குனிய வேண்டும், முகத்தை ஏறிட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவு. கறப்பவர்கூட மறைப்புத் துணிக்குப் பின்னால் கையை நீட்டித்தான் கறப்பார். இன்னொன்று குளிப்பு நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள், பட்டியில் கிடப்பவை உட்பட, நாட்டில் எந்த எருமையின் கழுத்திலும் மணி இருக்கக் கூடாது. எருமைகளை ஆற்றில் இறக்கிவிட்டு, கரையில் உட்கார்ந்து மணிகளைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள்.

குளிப்பு நாள் வந்தது. ஆட்கள் மணிகளைப் பளபளப்பாக்குவதில் மும்முரமாக இருந்தபோது, எருமைகள் அக்கரையேறிக் கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டன. காவலர்கள் சட்டம் தெரிந்தவர்கள். மணி கட்டாத எருமைகள் எல்லாவற்றையும் ஓட்டிவந்து பட்டியில் அடைத்தார்கள்.

மறுநாள் காலை மன்னர் துலாதரர் முன் தயிர் இல்லாத தட்டு வைக்கப்பட்டது.

"தயிர் எங்கே?"

"எருமை பட்டியில் இருக்கிறது, மன்னா."

"உடனே விடுங்கள்!"

நுண்மதியார் தங்கமணியைக் கையில் ஏந்திப் பட்டிக்கு ஓடினார். உள்ளே அத்தனையும் கறுப்பு, அத்தனையும் சேறு. அரண்மனை எருமையின் முகத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. வேறு யாரும் பார்த்ததில்லை. தவறான கழுத்தில் தங்கமணி ஏறினால் ராஜத்துரோகம், சரியான கழுத்தில் மரமணி ஏறினாலும் ராஜத்துரோகம். நாலையும் யோசித்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: "எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். மரியாதையாக!"

இருக்கிறதிலேயே கொழுத்ததாக ஒன்றைப் பார்த்து அரண்மனைக்கு ஓட்டிப்போகச் சொன்னார். அது அவருடைய மச்சானுடையது. செங்கோடர் வாயைத் திறக்கவில்லை. அது என்னுடையது என்று சொன்னால், மன்னர் தொழுவத்தில் நிற்பது மன்னருடையது அல்ல என்று சொன்னதாகிவிடும்.

குருவம்மாளின் எருமை யாரும் ஓட்டாமலே வீடு வந்து சேர்ந்தது. கன்று தள்ளாடி எழுந்து, முட்டி முட்டிப் பால் குடித்தது. வாயோரம் நுரை தள்ளியது. குருவம்மாள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை நாளாக அவளுக்கு அழவே வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் கவனித்தாள், தன் எருமைக்குப் பின்னால் இன்னொரு எருமையும் வந்து நின்றது. குடை பிடித்துக் கூட்டிப்போய்ப் பழகியதோ என்னவோ, அதற்குத் தனியாக வீடு போகத் தெரியவில்லை. அவள் அதற்கும் வைக்கோல் போட்டாள்.

அன்றிலிருந்து எந்த எருமையைப் பிடிக்கவும் காவலர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. எது அரண்மனையுடையதோ, யார் கண்டது? தோட்டத்துக்குள் எது வந்தாலும் இரண்டு கரும்பை ஒடித்துக் கொடுத்து, பணிவாக வெளியே அனுப்பினார்கள். மணிகள் ஆற்றங்கரையிலேயே கிடந்தன.

மனம் ஆறாத நுண்மதியார் ஒரு நாள் காலையில் குருவம்மாளின் தொழுவத்துக்கே வந்துவிட்டார். இரண்டு எருமைகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. கன்று துள்ளிக்கொண்டிருந்தது.

"அம்மா, இதில் உன்னுடையது எது?"

குருவம்மாள் கன்றைத் தடவிக்கொடுத்தாள். "நீங்கதான் படிச்சவங்க. நல்லா மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க சாமி."

மந்திரி அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் இந்த எருமைக்கு, பிறகு அந்த எருமைக்கு. இரண்டுக்கும் ஒரே அளவு குனிந்தார்.