எச்.டி. டிவிடியின் நாலாவது காரணம்

குரலை உயர்த்தாமல், விரலை மடக்கி மடக்கிக் காரணம் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். கத்துகிறவர்கள் பேச்சை யாரும் கேட்பதில்லை. அதனால் அவர்களால் பெரிய சேதம் கிடையாது. நிதானமாகப் பேசுகிறவர்கள்தான் ஒரு குடும்பத்தையே அழைத்துப் போய்ச் சுவரில் முட்ட வைப்பார்கள். நான் நிதானமாகப் பேசுகிறவள்.

அப்போது எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அக்கா மாலதி, சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு வில்லியனூரில் வீடியோ கடை போட்டிருந்தாள். பெண்கள் கல்யாண வீடியோ எடுப்பது எங்கள் பக்கம் புதுசு. (கையில் கேமராவோடு நிற்கும் அவளிடமே, "வீடியோக்காரரு எப்பம்மா வருவாரு?" என்று கேட்பார்கள்.) காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சின்னச் சின்ன வேலைகள்தான் கிடைத்தன. அப்பா கெடு வைத்துவிட்டார்: மாசி முடிவதற்குள் உருப்படியான கல்யாண ஆர்டர் ஒன்று வராவிட்டால் கடையை மூடிவிட்டு மறுபடி ஷிஃப்டுக்குப் போக வேண்டும்.

ஆர்டர் வந்தது. சரியாகச் சொன்னால், பாகூர் வரைக்கும் வந்து நின்றது. கரும்பு பயிரிடும் பெரிய குடும்பம். கல்யாணப் பெண்ணின் அண்ணன் பிரான்ஸில் வேலை பார்ப்பவர். வரும்போது ஒரு எச்.டி. டிவியையும் கொண்டு வந்திருந்தார். அந்த டிவிக்கு ஏற்ற தெளிவில் படம் வேண்டும், முதலில் ஒரு மாதிரி காட்டுங்கள் என்றார்.

அக்காவிடம் எச்.டி. கேமரா இருந்தது. படத்தை எந்த டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். உலகத்தில் அப்போது இரண்டு கட்சிகள் மோதிக்கொண்டிருந்தன: எச்.டி. டிவிடி, ப்ளூ ரே. இதன் டிஸ்க் அதன் ப்ளேயரில் ஓடாது. விவரமானவர்கள், யார் ஜெயிக்கிறார்களோ பார்த்துக்கொண்டு வாங்கலாம் என்று சும்மா இருந்தார்கள். நான் சும்மா இருக்கவில்லை. ப்ளூ ரேயில் அதிக நேரப் படம் பிடிக்கும் என்று தெரியும். அதை ஆடம்பரம் என்று ஒதுக்கினேன். எச்.டி. டிவிடிதான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

"நீ படிச்சவ. நீ சொன்னா சரிதான்டி" என்றாள் அக்கா. ஸ்கூட்டி வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் சென்னையிலிருந்து ஒரு எச்.டி. டிவிடி ப்ளேயரை வரவழைத்தாள். அதனால்தான் பாகூருக்கு பஸ் மாறிப் போனோம். ப்ளேயர் என் மடியில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அன்று அந்த வீட்டில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். வாசலில் மஞ்சள் பூசிய மூங்கில், மாவிலை. கூடம் நிறையச் சொந்தங்கள். அக்கா கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். நான் ப்ளேயரை டிவியில் மாட்டி, அவள் எடுத்த பாகூர் ஏரியை ஓடவிட்டேன். நாரையின் கண் தெரிந்தது. "கைய வுட்டா நனையும் போலக்குதே!" என்று யாரோ சொன்னார்கள்.

அங்கேயே நான் உட்கார்ந்திருக்கலாம். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தயாரித்து வந்த காரணங்களை என்ன செய்வது?

"மொதலாவது, டிவிடிங்கற பேரு ஜனங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். ரெண்டாவது, பழைய ஃபேக்டரியிலயே இந்த டிஸ்க்க செய்யலாம், வெல கொறையும். மூணாவது, சாதா டிவிடியிலயே கொஞ்ச நேரத்துக்கு எச்.டி. படம் எழுதலாம். நாலாவது..."

பெண்ணின் அண்ணன் வகுப்பில் பையன் கை தூக்குவதுபோல் தூக்கினார். "தங்கச்சி, தப்பா நெனைக்காத. நியூஸ் பாக்கலியா? அது செத்துப்போச்சும்மா."

"எது?"

"எச்.டி. டிவிடிதான். அத கொண்டுவந்த கம்பெனியே இனிமே செய்யமாட்டோம்னு சொல்லிடுச்சி. இனி உங்க டிஸ்க்க பாக்க நாங்க எங்க போயி ப்ளேயர் வாங்கறது?"

எனக்கு ப்ராக்டிகல் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். உலகச் செய்தி எதுவும் என் வரைக்கும் வந்திருக்கவில்லை. நாலாவது விரல் மடங்கியபடியே நின்றது. வாயும் மூடவில்லை.

அந்த நேரம் பார்த்து, பெண்ணின் அத்தை சமையல்கட்டிலிருந்து வந்தார். "இன்னாது? யாருடா செத்துட்டா?"

"ஆளு இல்ல அத்தே. இந்தப் பொட்டி."

"பொட்டியோ சட்டியோ! பந்தக்கால் நட்ட வூட்டுல, செத்தத தூக்கினு வந்து நடுக்கூடத்துல வச்சிக்கிறீங்களே, இன்னா பொண்ணுங்கடி நீங்க?"

அப்போதும் நான் நிதானத்தை இழக்கவில்லை. "ஆன்ட்டி, டெக்னிக்கலா அது சாகல. உற்பத்திய மட்டும்தான் நிறுத்தியிருக்காங்க." (ஒரு சாவை இதைவிட மட்டமாக யாரும் மறுத்திருக்க முடியாது.)

"எடுத்தும்போயி மோட்டார் கொட்டாயில வை! தொட்டவ தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு உள்ள வா! டேய், வேற வீடியோக்காரன பாருங்கடா!"

ஆர்டர் போயிற்று. கடை போயிற்று. ஸ்கூட்டி ஏற்கெனவே போயிருந்தது. அக்கா அழுவாளா, அறைவாளா என்று திரும்பிப் பார்த்தேன். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடந்தது முழுவதையும் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பதற்றமே இல்லாமல் நடந்து வந்தாள். என் ப்ளேயரிலிருந்து ஒயரைப் பிடுங்கித் தன் கேமராவில் செருகினாள். டேப்பைப் பின்னுக்கு ஓட்டினாள். டிஸ்க்கும் இல்லை, ப்ளேயரும் இல்லை. கேமராவிலிருந்து நேராக டிவிக்கு வந்தார் அத்தை. நெற்றி வியர்வை, கழுத்தில் ஒட்டிய மஞ்சள், கோபத்தில் நடுங்கும் மூக்குத்தியின் ஒவ்வொரு கல்லும்.

அத்தை டிவிக்குக் கிட்டே போய் நின்றார்.

"அய்ய, இது நானா?"

"நீங்கதாம்மா" என்றாள் அக்கா.

"மூக்குத்தி இன்னாடி இப்டி ஜொலிக்குது! திரும்பப் போடு. கைய நீட்டிக் கேக்கறன் பாரு, அங்கருந்து போடு."

தன் கோபத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்து ரசித்தார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "புடிக்கிறன்னு மொதல்லியே சொல்லக் கூடாதா? நல்ல பொடவையா கட்டியிருப்பன்ல" என்றார்.

"எந்த டிஸ்க்ல குடுப்பீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"இப்ப சாதா டிவிடி. எச்.டி. டேப்பு என்கிட்ட பத்தரமா இருக்கும். கடைசில எவன் நெலைச்சி நிக்கிறானோ அவன் டிஸ்க்ல போட்டுத் தரேன், பிரான்ஸுக்கே அனுப்பறேன். ஆனா, ஏந் தங்கச்சிய பாத்து யாரும் சிரிக்கக் கூடாது. அவ சொல்லலன்னா எச்.டி.ன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது."

ஆர்டர் கிடைத்தது. ஆனாலும் அத்தை சட்டத்தைத் தளர்த்தவில்லை. ப்ளேயரை மோட்டார் கொட்டாயில் வைத்துவிட்டு, அங்கேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடுதான் நான் பந்தியில் உட்கார்ந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஒரு குறையும் சொல்லவில்லை. "வடை ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினியா?" என்று மட்டும் கேட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னென்ன சொல்லியிருப்பேன் என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

மாசி முடிந்தும் கடை மூடவில்லை, இன்றுவரை மூடவில்லை. சொன்னபடி, அடுத்த வருஷமே ப்ளூ ரே டிஸ்க்கும் பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. சேதம் எனக்குத்தான். அந்தக் காட்சியை வெட்டக் கூடாது என்று கல்யாணப் பெண் அடம்பிடித்துவிட்டாள். பாரிஸ் பக்கத்துச் சொந்தங்கள் எல்லோரும் நான் ஒரு கையில் ப்ளேயர் ரிமோட்டை நீட்டி, மறு கையில் நாலாவது விரலை மடக்கி, வாய் திறந்து நிற்பதை மிகத் தெளிவாகப் பார்த்துவிட்டார்கள். சில வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டத்தில், பிரான்ஸிலிருந்து வந்திருந்த ஒரு சித்தி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "யம்மா, நீ நாலாவது காரணந்தானே?" என்று கத்தினார். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது.

அந்த நாலாவது காரணம் என்ன என்று என் கணவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குச் சத்தியமாக மறந்துவிட்டது, அவர் நம்புவதில்லை. அன்று பஸ்ஸில் நான் மனப்பாடம் செய்ததையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அக்கா ஒருத்திதான். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. போன பொங்கலுக்கும் கெஞ்சிப் பார்த்தேன்.

"போடி! அத சொல்லிட்டா, அப்புறம் அந்த வீடியோவ யாருடி பாப்பாங்க?"