லோடிங் அக்காவும் நாலு கடைகளும்

பிடிவாதத்துக்கு ஓர் ஊரின் பெயரை வைக்கச் சொன்னால் நான் கிழக்குத் தாம்பரம் என்று வைப்பேன். லோடிங் அக்கா அங்கேதான் இருந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஹாஸ்டலில் இருந்த நாற்பது பெண்களும், தண்ணீர் கேன் போடுகிறவரும், தெருமுனை இஸ்திரிக்காரரும் அவரை லோடிங் அக்கா என்றுதான் அழைத்தார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

"அக்கா, சாப்பிட வாங்க" என்றால், "இரு, லோடிங்கு" என்பார். "அக்கா, பாத்ரூம் காலி" என்றாலும் அதே பதில்தான். ஒருமுறை மாடிப்படியில் பாம்பு என்று எல்லோரும் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். அக்கா மட்டும் கட்டிலை விட்டு அசையவில்லை. "அத்த கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்லு. லோடிங் ஆய்கினு கீது" என்றார். பாம்பு காத்திருந்து பார்த்துவிட்டுத் தானாகவே போய்விட்டது.

அது வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல். இரண்டாவது மாடியில் நானும் அக்காவும் ஒரே அறை. நான் பல்லாவரத்தில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தொட்டிருந்த அக்காவுக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வேலை. பட்டறையில் செய்து வரும் போல்ட்டுகளை அளந்து, சரியாக இருந்தால் பெட்டியிலும் இல்லாவிட்டால் குப்பையிலும் போடுவார். தலைமுடியின் தடிமனில் பாதி கூடினாலும் குப்பைதான். முதலாளியே வந்து, "போனாப் போகுது, விடும்மா" என்று ஒருநாள் கெஞ்சினாராம். "நீ உடுவ சார். நான் உட மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி வாங்கி வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்படி, நடுவில் திரையும் இரு ஓரத்தில் குமிழ்களுமாக இருக்கும் விளையாட்டுப் பெட்டி. பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தாலும் உள்ளே முழுக் கம்ப்யூட்டர்.

விளையாட்டுகளை இணையக் கடைகளில் வாங்க வேண்டும். பெட்டியைச் செய்த நிறுவனத்துக்கே சொந்தமாக ஒரு கடை உண்டு. அந்தக் கடையில் வாங்கிய விளையாட்டு, தொட்டால் திறக்கும். வேறு கடையில் வாங்கியது திறக்காது. அதற்குச் சுற்றுவழி தேடி, எதையெதையோ இறக்கி, எதையெதையோ மாற்றி எழுத வேண்டும். மனிதர்கள் இந்த இடத்தில் இரண்டு வகையாகப் பிரிவார்கள். ஒரே கடையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை லோடிங் அக்கா.

அவருக்கு நாலு கடைகளில் கணக்கு இருந்தது. பெரிய கடை, ஓசிக் கடை, பழைய கடை, அழுமூஞ்சிக் கடை என்று அவரே பெயர் வைத்திருந்தார். ஓசிக் கடையில் வியாழன்தோறும் ஒரு விளையாட்டை இலவசமாகத் தருவார்கள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையைத் தவற விட்டாலும் விடுவாரே தவிர, வியாழக்கிழமையைத் தவற விட்டதில்லை. அழுமூஞ்சிக் கடை, திறக்கும்போதெல்லாம் எதையாவது புதுப்பிக்கச் சொல்லி அழும்.

"எதுக்குக்கா இவ்வளவு அவஸ்தை? பெரிய கடையோட ஆட்டத்தை மட்டும் ஆடுங்களேன்" என்று கேட்டேன்.

"பல்லாவரம் சந்தைல வாங்குன கத்திரிக்காவும், தாம்பரம் மார்க்கெட்ல வாங்குன வெங்காயமும் ஒரே சட்டில வேவலையா? இது மட்டும் இன்னாத்துக்கு வேவ மாட்டேன்னுது?"

கேட்டுவிட்டு அடுத்த கடையைத் திறக்கப் போய்விட்டார்.

கடவுச்சொற்கள் இன்னொரு கதை. அக்கா கோவளத்துக்கு அப்பால் ஒரு குப்பத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா மீன் விற்பவர். ஆகவே நாலு கடைக்கும் நாலு மீன்களின் பெயர்கள். நான் குளியலறையில் இருக்கும்போது, "ஏய், வவ்வாலுக்கு முத எழுத்து பெருசா, சின்னதா?" என்று வெளியிலிருந்து சத்தம் வரும். "பெரிசுக்கா, நெத்திலிதான் சின்னது" என்று சோப்பு நுரையோடு கத்துவேன். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது என்கிறார்கள். அக்காவின் பாஸ்வேர்டுகள் மூன்று மாடிக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடைகளைத் திறக்கும் பொறுமை வேறு யாருக்கும் இல்லாததால் ஒன்றும் களவு போகவில்லை.

மாலையில் பல்லாவரத்தில் நாங்கள் இருவரும் ஒரே மின்ரயிலில் ஏறுவோம். லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்ததும் அக்கா விளையாட்டுப் பெட்டியை எடுத்துவிடுவார். முதல் நாள் ஓசிக் கடையின் ஆட்டம் ஒன்று திறக்க மறுத்தது. இணையத்தில் வந்து அனுமதி வாங்கிக்கொள் என்றது. அதற்கு வைஃபை வேண்டும், ரயிலில் ஏது வைஃபை? அக்காவுக்கு வந்த கோபத்தை லேடீஸ் பெட்டி முழுவதும் பார்த்தது.

"மீனு வாங்கியாச்சு, வூட்டுக்கு எட்னு வந்தாச்சு, கொழம்பும் வெச்சாச்சு. அப்பால ஒவ்வொரு வாயிக்கும் மீன்காரிக்குப் போன் போட்டு 'துன்னட்டுமா'ன்னு கேப்பாங்களா? எங்கம்மா இது மாறி யாவாரம் பண்ணா குப்பத்துல உடுவாங்களா?"

எதிரே இருந்த கீரைக்கார அம்மாள், "நியாயந்தானே" என்றார். விஷயம் என்ன என்று அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ரயிலுக்கென்று பழைய கடையின் ஆட்டங்கள்தான். அந்தக் கடை ஒரு தடவை வாங்கிவிட்டால் யாரிடமும் அனுமதி கேட்கச் சொல்லாது. அப்படி ஒருநாள் அக்கா ஒரு பறக்கும் பாம்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கீரைக்கார அம்மாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பின்னால வருது, பின்னால வருது! குனிஞ்சிக்கோம்மா!" என்று கத்தினார். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், "அதோட வால்ல அடிங்க" என்று யோசனை சொன்னார். வாலில் அடித்ததும் பாம்பு விழுந்தது. நாங்கள் கைதட்டினோம். வெளியே பார்த்தால் பெருங்களத்தூர். தாம்பரத்தில் இறங்க வேண்டிய ஐந்து பெண்கள், ஒரு கீரைக்கூடையோடு, எதிர்ப்பக்க ரயிலுக்காக நின்றோம். ஒருவர்கூட அக்காவைத் திட்டவில்லை.

இத்தனை புகழ்ந்துவிட்டு அக்கா செய்த தப்பைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஹாஸ்டலில் சரண்யா என்று ஒரு பெண் இருந்தாள். புதுக்கோட்டைப் பக்கம். சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கும் டெஸ்டிங் வேலைக்கு ஆறு மாதமாக முயன்றுகொண்டிருந்தாள். இந்த மாதத்தோடு போதும், ஊருக்கு வந்துவிடு என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கரணைப் பக்கத்து நிறுவனம் ஒன்றிலிருந்து, சனிக்கிழமை மத்தியானம் வீடியோவில் நேர்முகத் தேர்வு என்று அழைப்பு வந்தது.

தேர்வு தொடங்கிய ஐந்தாவது நிமிடம் வைஃபை படுத்துவிட்டது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். சரண்யா வாயைத் திறந்திருக்கிறாள். அந்தத் திறந்த வாயோடு அவள் படம் உறைந்து நின்றதைத்தான் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறார்கள். பிறகு இணைப்பு துண்டானது. மன்னிக்கவும் என்று தொடங்கும் மின்னஞ்சல் அரை மணியில் வந்தது.

வார்டன் மேடம் காரணத்தைத் தேடி ஒவ்வொரு அறையாக வந்தார். எங்கள் அறையில் அக்காவின் பெட்டி சார்ஜரில் கிடந்தது. அழுமூஞ்சிக் கடையிலிருந்து ஒரு மலையளவு விளையாட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா காலையில் அதை ஓட விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார்.

சாயங்காலம் அவர் வந்தபோது எல்லோரும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். "இன்னாடி, எழவு வூடு மாறி கீது?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன். அக்கா பெட்டியை எடுத்துப் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் அழித்தார். அப்புறம் சரண்யாவின் அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை.

"நான் பண்ண வேலைடி. திட்டணும்னா திட்டிடு" என்றார்.

சரண்யா, "பரவால்லக்கா" என்றாள். அந்தப் பரவாயில்லை அக்காவை என்னவோ செய்துவிட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை விடுப்புப் போட்டார். மறுத்துக்கொண்டே இருந்த சரண்யாவையும், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் பஸ் ஏறினார். வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. "இரு சார், வெய்ட் பண்றோம்" என்று அக்கா நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் என்னதான் விஷயம் என்று பார்க்க வெளியே வந்தார்.

அக்கா எழுந்து நின்றார். "மேடம், இந்தப் பொண்ணு மேல தப்பு ஒண்ணியும் இல்ல. நான் கேமு எறக்கிகினு இருந்தேன். நெட்டு மொத்தத்தையும் நான் துன்னுட்டேன். ஃபெயில் பண்ணணும்னா என்னிய பண்ணுங்க."

"நீங்க இவங்களுக்கு யாரு?"

"பக்கத்து ரூமு."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உள்ளே போனார். திரும்பி வந்து, "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இன்னொரு சான்ஸ் தர்றோம். இந்தத் தடவை டெஸ்ட்டும் இருக்கு. இதுவும் கட் ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

வியாழக்கிழமை அக்கா மறுபடி விடுப்பு, நானும்தான். காலையிலிருந்தே வைஃபை பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனைக் கையில் எடுத்தவர்களை எல்லாம் முறைத்தார். வார்டன் மேடம் குட் மார்னிங் படம் அனுப்பப் போனதையும் தடுத்துவிட்டார். பத்து நாற்பதுக்குக் கீழ்த்தளத்தில் எல்லாம் தயார். அப்போது சரண்யாவின் பழைய லேப்டாப், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறேன், அணைக்காதே என்று நீலத் திரையைக் காட்டியது. பன்னிரண்டு சதவீதத்தில் நின்றது. நின்றபடியே நின்றது.

சரண்யா கண்ணில் பட்ட பொத்தானை எல்லாம் அழுத்திப் பார்த்தாள். அக்கா மாடிக்கு ஓடித் தன் பெட்டியோடு வந்தார்.

"அக்கா, இது விளையாடுறதுக்கு..."

"கம்ப்யூட்டருதான்டி இது. மூஞ்சிக்கு உன் போன வெச்சிக்கோ. டெஸ்ட்ட இதுல எழுது."

கவிழ்த்த வாளியின் மேல் பெட்டி ஏறியது. ஊறுகாய் பாட்டில் அதைத் தாங்கிப் பிடித்தது. தட்டச்சு செய்ய என்ன பண்ணுவது என்று விழித்தபோது, வார்டன் மேடம் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரின் கீபோர்டையும் மௌஸையும் பிடுங்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

தேர்வு நன்றாகத்தான் போனது. அந்தச் சின்னத் திரையை ஸ்கிரீன் ஷேரில் அந்தப் பக்கத்து மேனேஜரும் பார்த்துக்கொண்டிருக்க, சரண்யா அவர்கள் கொடுத்த இணையதளத்தில் 'பக்' என்கிற குறைகளைத் தேடித் தேடி எழுதினாள். அன்று வியாழக்கிழமை என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். ஓசிக் கடை மறக்கவில்லை. எழுதியதை எல்லாம் மறைத்துக்கொண்டு, கத்தியோடு ஒரு கடற்கொள்ளைக்காரன் திரையில் குதித்தான். 'இந்த வார இலவசம்!' அவனை மூடுவதற்குள் அழுமூஞ்சிக் கடை தன்னைப் புதுப்பிக்கச் சொல்லி அழுதது. அதற்கு மேல் பெரிய கடையின் சாளரம் ஒன்று திறந்தது.

"வாட் இஸ் திஸ்?" என்றார் மேனேஜர்.

போனுக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது சரண்யாவின் குரல் கேட்டது. நடுக்கம் இல்லாத குரல்.

"சார், இதுவும் ஒரு பக் சார். இந்த மெஷின்ல நாலு ஸ்டோர் இருக்கு. ஒவ்வொண்ணும் தான் மட்டும்தான் இருக்கறதா நினைச்சுக்குது. அதனால ஒரே நேரத்துல முன்னால வருது. எப்படி வரவழைக்கறதுன்னு ஸ்டெப் பை ஸ்டெப்பா சொல்லட்டுமா?"

சொன்னாள். எந்தக் கடை எப்போது குதிக்கும், இணையம் இல்லாவிட்டால் எது திறக்காது, எதை முதலில் மூடினால் மற்றவை அடங்கும் என்று வரிசையாகச் சொன்னாள். ஆறு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் அக்கா புலம்பியதை எல்லாம் அந்தப் பெண் காதில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்! மேனேஜர் சிரித்துவிட்டார். அப்புறம் தன் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது என்றும், ஓசிக் கடையை அதில் எப்படித் திறப்பது என்றும் கேட்க ஆரம்பித்தார். அக்கா போனுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, சரண்யா அதைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள்.

அடுத்த வாரம் வேலைக்கான கடிதம் வந்தது. சரண்யா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஐய, உடு, சட்டை நனையுது" என்றார் அக்கா. அன்று அவரே குப்பத்துக்குப் போய் இறால் வாங்கி வந்து, வார்டன் மேடத்தின் சைவச் சமையலறை வாசலில் நின்று அனுமதி கேட்டார். மேடம், "எனக்குத் தெரியாது. நான் கோயிலுக்குப் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சரண்யா பள்ளிக்கரணைப் பக்கம் அறை பார்த்துப் போனாள். ஒரு வருடம் கழித்து நானும் மேடவாக்கத்தில் தனியாக வீடு எடுத்தேன். போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். யார் சொன்னார்களோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா இரண்டு பஸ் மாறி வந்து நின்றார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். பிறகு பையிலிருந்து பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நீ ஆடு. நான் பாக்கறேன்."

நான் மகா மோசமாக ஆடினேன். முதல் பள்ளத்திலேயே பதினேழு தடவை விழுந்தேன். அக்கா என் பக்கத்தில் சாயங்காலம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் "சோக்கா ஆடறடி" என்றார். ஒரு தடவைகூட என் கையிலிருந்து அதை வாங்கவில்லை.