திரும்பி வராத காலடிகள்

செத்துப்போய்விட்டதாக ஒரு முறை முழு மனதோடு நம்பியிருக்கிறேன். விடியற்காலை, வெறும் வயிறு, எதிரே கடல். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக்கூட அப்படி ஓர் எண்ணம் அத்தனை உறுதியாக வருமா தெரியாது. உடம்பை நல்லபடியாக வைத்துக்கொள்ளப் போன எனக்கு வந்தது.

என் பெயர் ஆரோக்கியராஜ். (பெயர் வைத்த அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்தபோது ஒல்லியாகத்தான் இருந்தேனாம்.) கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. சுனாமி வந்துபோய் மூன்றாவது வருஷம் அது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மாடிப்படி ஏறினால் முழங்கால் முறுக்கு கடிப்பதுபோல் சத்தம் போட்டது.

என் மனைவி பிலோமினாவின் தம்பி சேவியர், சிதம்பரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறான். டாக்டருக்குப் படிக்க முடியாமல்போன குறையைச் சொந்தக்காரர்கள்மேல் தீர்த்துக்கொள்பவன். அவன் கடைக்குப் போயிருந்தபோது என்னை ஸ்டூலில் உட்காரவைத்து ஆரம்பித்தான்.

“மாமா, பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். சின்னச் சின்ன மாத்தம்தான். டீயில சக்கரய நிறுத்துங்க. எடது கையால பல்லு வெளக்குங்க, மூளைக்கு நல்லது. அப்பறம் வெறுங்கால்ல மணல்ல நடங்க. கடல் வரைக்கும் நேரா போங்க, திரும்பறப்ப பின்னாலயே வாங்க. முட்டிவலி பறந்துரும்.”

“பின்னாலயேவா?”

“ஆமா மாமா. கெழக்கப் பாத்தாமாதிரியே வந்தா சூரிய வெளிச்சமும் மூஞ்சில படும்ல?”

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். இடது கையால் பல் விளக்கியதில் பற்பசை மீசைக்குத்தான் ஜாஸ்தி போனது. சர்க்கரை போடாத டீயை நான் குடித்த முகத்தைப் பார்த்துவிட்டு, “யாராவது தவறிட்டாங்களா?” என்று பிலோமினா கேட்டாள். ஆனால் நடை மட்டும் எப்படியோ பிடித்துப்போனது.

எல்லோரும் நடக்கிற கடற்கரையில் நான் நடக்கவில்லை. எங்கள் சூப்பிரண்டெண்ட் அங்கேதான் வருவார். தொந்தியும் பனியனுமாக நான் பின்பக்கமாக நடப்பதை அவர் பார்த்தால், ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் தலைகாட்ட முடியாது. அதனால் தேவனாம்பட்டினத்தில் மீனவர் குடியிருப்பையும் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இடம் பிடித்தேன். சுனாமியன்று தண்ணீர் ஏறி வந்த வழி அது. அதற்குப் பிறகு ஊர் ஜனங்கள் அங்கே அதிகம் போவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆளில்லாத இடம், நல்ல வசதி என்று நினைத்துக்கொண்டேன். அப்போதைய என் புத்தி அவ்வளவுதான்.

மார்கழிப் பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கடல் கண்ணில் படாது, சத்தம் மட்டும் கேட்கும். சில நாட்களில் அந்தச் சத்தத்துக்கு நடுவே யாரோ பக்கத்தில் மூச்சுவிடுவதுபோல் இருக்கும். நின்று கவனித்தால் நானாகத்தான் இருப்பேன். பனியில் நனைந்த மணல் காலடியில் சில்லென்று அமுங்கும். நேராகப் போவேன், அலையில் கால் நனைப்பேன், கடலைப் பார்த்தபடியே பின்னால் வந்து தோப்பைச் சேருவேன். யார் கண்ணிலும் படாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இப்படி இருக்கும்போது வீட்டுக்கு மீன் வருவது நின்றது. தேவனாம்பட்டினத்து அஞ்சலைதான் எங்களுக்கு எப்போதும் மீன் கொண்டுவருவாள். சுனாமியில் அவள் கணவர் போய்விட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. மகன் வேலு, மாமன் படகில் அப்போதுதான் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தான். நாலைந்து நாள் கழித்து வெறுங்கூடையோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

“மீனு இல்லக்கா. ஊர்ல ஒரு படகும் போவல.”

“ஏன், காத்தா?” என்றாள் பிலோமினா.

“காத்து இல்லக்கா.” குரலைத் தாழ்த்தினாள். “தோப்புக்கு அந்தாண்ட தெனமும் விடிஞ்சா காலடி கெடக்குது. ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நடந்து கடலுக்குள்ள போயிருக்காங்க. திரும்பி வந்த தடமே கெடையாது. ஒருத்தரு காலு நல்லா பதிஞ்சிருக்குது. இன்னொண்ணு எட்டு வச்சிருக்கறதே சின்னதா இருக்குது, குதிகால் சரியா ஊனல. வெரலாலயே நடந்தாப்புல இருக்குது.”

சர்க்கரையில்லாத டீயை நான் கீழே வைத்துவிட்டேன்.

“கடலு தெனம் ரெண்டு பேர அழைச்சிக்கிதுன்னு பேசிக்கிறாங்க. வேலு போறேன்றான். நீ போனா நான் வூட்டுல உசுரோட இருக்க மாட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்.” அவள் கண் கலங்கியிருந்தது. “அவனையும் குடுத்துட்டு நான் என்னாக்கா பண்ணுவேன்?”

நான் நடப்பதும் அங்கேதான் என்று சொல்லவே எனக்கு நாக்கு எழவில்லை. எத்தனை நாள் அந்தப் பனியில், அந்த ரெண்டு பேருக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன்! அப்படியானால் மூச்சுவிட்டது நானில்லையோ? (அந்த ரெண்டு பேரும் யாரென்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அரசாங்கப் பரீட்சை எழுதி வேலைக்கு வந்த எனக்குத் தெரியவில்லை.)

நடையை விட்டுவிடலாம் என்று மறுநாள் போர்வையை இழுத்துப் போர்த்தினேன். பிலோமினா விடவில்லை. “கிறிஸ்மஸுக்குத் தம்பி வர்றான். நிறுத்திட்டீங்கன்னு தெரிஞ்சா நாள் முழுக்கப் பாடம் எடுப்பான்.” நல்ல கடற்கரைக்குப் போகலாம் என்றால் அங்கே சூப்பிரண்டெண்ட். பேயைவிட அவரிடம் எனக்குப் பயம் ஜாஸ்தி. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே போனேன்.

அன்றைக்குக் கடல்கூட அடக்கித்தான் சத்தம் போட்டது. குனிந்த தலை நிமிராமல் போய், கால் நனைத்துவிட்டு, வழக்கத்தைவிட வேகமாகப் பின்னால் வந்தேன். ஒரு சவுக்கு மரத்தில் முதுகு மோதியதும் அப்படியே சரிந்து உட்கார்ந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு மங்கள வார்த்தை ஜெபம் சொன்னேன். பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கண்ணைத் திறந்தபோது பனி விலகியிருந்தது. எதிரே ஈர மணலில், என் காலருகே தொடங்கி அலை வரைக்கும் இரண்டு வரிசைக் காலடிகள். இரண்டுமே கடலைப் பார்த்துப் போயிருந்தன.

ஒன்று என்னுடையது. சந்தேகமில்லை, அந்த அகலப் பாதம் எங்கள் குடும்பத்துச் சொத்து. அப்படியானால் என்னோடு ஒட்டி நடந்த இன்னொருவர் யார்? அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. என்னுடையதும் இல்லை. நான் கடலுக்குள் போயிருக்கிறேன், திரும்பி வரவில்லை. அப்படியென்றால் இந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பது யார்?

காலைக் கிள்ளிப் பார்த்தேன். குளிரில் மரத்துப்போன காலில் வலியே தெரியவில்லை. அத்தோடு முடிவுக்கு வந்துவிட்டேன். செத்தவர்கள் பாவம் தீரும்வரை காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலம் என்று கோயிலில் சாமியார் சொல்வாரே, அது தேவனாம்பட்டினத்தில்தான் இருக்கிறது போலிருக்கிறது. பிலோமினா காத்துக்கொண்டிருப்பாளே என்று நினைத்தேன். சர்க்கரை போட்டு ஒரு டீ குடிக்காமல் செத்தோமே என்றும் தோன்றியது.

பக்கவாட்டில் சருகு நொறுங்கியது. உடைந்த படகு ஒன்றின் மறைவிலிருந்து ஏழெட்டு ஆண்கள், கையில் வேப்பிலையும் விளக்குமாறுமாக. காலடிக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட ஊரே முடிவு செய்து ஆள் அனுப்பியிருந்தது. எனக்கோ மனிதர்களைக் கண்டதில் ஒரு நப்பாசை. எழுந்து, இரண்டு கைகளையும் நீட்டிக் கேட்டேன்.

“ஏங்க, நான் உசுரோட இருக்கேனா?”

விளக்குமாறுகள் கீழே விழுந்தன. கடலில் புயலைப் பார்த்தவர்கள் சவுக்குத் தோப்பைத் தாண்டி ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற ஓர் உருவம் மட்டும் ஓடவில்லை. மெதுவாக என்னை நோக்கி வந்தது. அஞ்சலை. பயப்படாமல், ஏதோ எதிர்பார்ப்போடு முகத்தை உற்றுப் பார்த்தவள், சட்டென்று வாடிப்போனாள்.

“மஞ்சக்குப்பத்து சாரா? இங்க எப்பிடி சார் வந்தீங்க?”

“நடந்துதான்மா. கடல்லேர்ந்து... பின்னாலயே...” என்றேன். சொல்லும்போதுதான் என் மண்டையில் விளக்கு எரிந்தது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓடியவர்கள் பாதி ஊரோடு திரும்பி வந்தார்கள். நான் எல்லார் முன்னாலும் கடல் வரை போய், பின்பக்கமாக வந்து காட்டினேன். விரல் முதலில் அழுந்தும் சின்ன எட்டுகள், தத்தித் தத்தி. நம்பாதவர்களுக்காக இன்னொரு தடவை நடக்க வேண்டியிருந்தது. வேலு மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அஞ்சலை சிரிக்கவில்லை. தடத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

“பெரிய காலு எங்க வூட்டுக்காரருதுன்னு இருந்தேன் சார். விடியறதுக்குள்ள வந்து எங்களப் பாத்துட்டுப் போறாருன்னு. வேலுவையும் கூப்புட்டுக்குவாரோன்னு ஒரு பக்கம் பயம்தான். ஆனா வராருல்லன்னு ஒரு இது. அந்தச் சின்ன காலுதான் யாருன்னு தெரியல. இத்தன வருஷமா எவகூட சுத்துறாருன்னு ஒரே கோவம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு அந்த மணலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. மன்னிச்சிடும்மா, இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றேன்.

“ஐயோ, வராம இருக்காதீங்க சார்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தெனமும் வாங்க. ஆனா திரும்பறப்ப நேரா நடந்து வாங்க. கடல்லேர்ந்து திரும்பி வந்த காலுன்னு ஒண்ணு அந்த மணல்ல கெடக்கட்டும். அதப் பாத்துட்டா இவன அனுப்ப எனக்கு மனசு வரும்.”

முழங்கால் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறது. சேவியரிடம் சொன்னால், முறைப்படி செய்யாததுதான் காரணம் என்கிறான். நான் அங்கேயே நடக்கிறேன், போகும்போதும் வரும்போதும் நேராகவே. வேலு சொந்தப் படகு வாங்கிவிட்டான். அஞ்சலை தினமும் மணலைப் பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தூக்குகிறாள். அதனால் ஒரு நாள்கூட என்னால் ஏமாற்ற முடிவதில்லை. மழையைச் சாக்கிட்டு நடைக்கு மட்டம் போட்டுவிட்டு, போய் வந்தேன் என்று பிலோமினாவிடம் சொல்லி இட்லியில் கை வைத்தால் போதும். வாசலில் கூடை இறங்கும், தெருவுக்கே கேட்கிற மாதிரி குரலும் வரும்.

“யக்கா, சாரு இன்னிக்கிக் கடல்லேர்ந்து திரும்பி வரலக்கா!”